மஞ்சள் மூடி

போட்டிக்கு முந்தின இரவு
டெல்ஃபின் ஊரில் எவரும் தூங்குவதில்லை.
மிசிசிப்பியின் ஆர்கன்ஸா கரையில்
விடிய விடிய திறந்திருக்கும் கடை எங்களுடையது ஒன்றுதான்.
மூன்றாம் கவுண்டர் எனக்கு.

முதலில் வந்தவர் டீக்கன் ஆர்லிஸ் ப்ரூவிட்.
பால், ரொட்டி, நாய்த்தீனி,
எல்லாவற்றுக்கும் அடியில்
குப்புறப் படுத்திருந்தது ஒரு ஜாடி.
மஞ்சள் மூடி. நாலு டாலர் எழுபத்தொன்பது காசு.
நாலு தலைமுறையாக வெளியே விடாத ரகசியம் என்று
வருஷா வருஷம் மேடையில் சொல்வாரே,
அந்தப் பொடி.
இயந்திரம் பீப் என்றது.
இரண்டு பேருக்கும் காது கேட்கவில்லை.
நாளைக்கு மழை வருமா என்று பேசிக்கொண்டோம்.
"ரசீது?"
"வேண்டாம்மா."

அப்புறம் காய்ல் சகோதரர்கள்,
அண்ணன் சோப்பு வரிசையில் மறைய
தம்பி பின்வாசல் வழியாக.
அப்புறம் தீயணைப்பு நிலையத்து ட்வெயின்.
பெண்டாட்டி வாங்கச் சொன்னாளாம்.
நான் கேட்கவேயில்லை.
பதினொன்றரைக்கு அலமாரியைப் பார்த்தேன்:
மஞ்சள் பல்வரிசை
முழுப் பொக்கை.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்லீன் ஸ்டப்ஸ் மட்டும்
உதிரி உதிரியாக வாங்கினாள்.
முழு மிளகு, கடுகு, சீரகம்,
காய்ந்த மிளகாய் இரண்டு விதம்,
கட்டி தட்டாத பழுப்புச் சர்க்கரை இருக்கிறதா என்று
ஏழு பொட்டலங்களை அமுக்கிப் பார்த்தாள்.
காபிக் கொட்டை அரைக்கும் மிஷினில்தான்
இவை எல்லாவற்றையும் அரைப்பாள்.
ஒரு வாரத்துக்கு அவள் வீட்டுக் காபி
சீரகம் மணக்கும்; புருஷன்
பெட்ரோல் பங்கில் போய்க் குடிப்பான்.

சனிக்கிழமை ஆற்றங்கரை முழுக்க ஹிக்கரிப் புகை.
ஆர்லிஸ் முதல் பரிசு.
காய்ல்கள் இரண்டாவது, கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.
வெர்லீன் ஐந்தாவது.
"ப்ரூவிட் குடும்பத்துக் கைப்பக்குவம்!" என்றார் நடுவர்.
நானும் கை தட்டினேன்.
வேறென்ன செய்ய? எல்லோருக்கும் பால் விற்றவள் நான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.
ஆர்லிஸின் பன்றித் தோள் நன்றாக இருந்தது.
எலும்பை இழுத்தால்
உறையிலிருந்து கத்திபோல் வந்தது.
மேலே அந்தக் கருத்த பொருக்கு,
கடித்தால் முதலில் இனிப்பு, பின்னால் கொஞ்சம் கோபம்.
பதினாறு மணி நேரம் அந்த மனுஷன்
நாற்காலியை விட்டு எழவில்லை,
மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவில்லை.
அந்தப் பொறுமை
எங்கள் கடையில் எந்த வரிசையிலும் இல்லை.
வெர்லீன் எட்டு தடவை திறந்தாள். எண்ணினேன்.

திங்கட்கிழமை அவள் வந்தாள்,
கையில் ஒரே ஒரு ஜாடி.
புதுச் சரக்கு காலையில்தான் இறங்கியிருந்தது.
பின்பக்கத்தை எட்டப் பிடித்துப் படித்தாள்:
உப்பு. சர்க்கரை. பாப்ரிகா.
பிறகு ஒற்றைச் சொல்: மசாலாப் பொருட்கள்.
"அப்படியென்றால் என்னடி?"
"அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லையாம்."
"ஓகோ. அங்கேயும் ஒருத்தி
முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாளா?"
இல்லை, முந்தானை என்று அவள் சொல்லவில்லை,
ஏப்ரன் பை என்றாள்.
அங்கேயே திறந்தாள். விரல் நுனியில் தொட்டாள்.
"உப்பு ஜாஸ்தி."
இன்னொரு தரம்.
"செலரி விதை. திருட்டுப் பயல்கள்."
மூன்றாம் தரம்
ஒன்றும் சொல்லவில்லை.
உப்பைத் தின்றவள், தண்ணீர் கேட்டாள்.
என் பாட்டிலைக் கொடுத்தேன்.

"வெள்ளிக்கிழமை இதை யாரெல்லாம் வாங்கினார்கள்?"
"பால்," என்றேன். "ரொட்டி. நாய்த்தீனி."
நீண்ட நேரம் என்னைப் பார்த்தாள்,
பேருந்துக் கண்ணாடியில்
பின் இருக்கைப் பையன்களைப் பார்ப்பதுபோல்.

"ரசீது கொடு," என்றாள்.
"பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தருவேன்."

பதினெட்டு நாளாகிறது.